சாட்சிக்கு ஓர் அண்ணி

என் கல்யாண ஆல்பத்தில் முகத்தைவிட முதுகுக்குத்தான் படங்கள் அதிகம். கோயில் வாசலில் முதுகு, மண்டபத்தில் முதுகு. கண்ணாடி முன்னால் நிற்கவைத்து எடுத்ததில்கூட முகம் கண்ணாடிக்குள் மங்கலாகவும் முதுகு முழு வெளிச்சத்திலும் இருக்கும். போட்டோக்காரரைக் குறை சொல்ல முடியாது. முழங்கால் மடிப்புவரை தொங்கிய பின்னலை ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் என் மாமியார் வந்து நேராக இழுத்துவிட்டுப் போனார். வளவனூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றும் அவர்தான், “கொஞ்சம் திரும்பி நில்லும்மா” என்றார். திரும்பி நின்றேன். மறுபடி முகத்தைக் காட்டச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த முடி என் தலையில் முளைத்ததே தவிர என்னுடையதாக இருந்ததில்லை. சனிக்கிழமைகளில் அது மாமியாருடையது. எண்ணெய் காய்ச்சி, சீயக்காய் கரைத்து, மொட்டைமாடியில் உட்காரவைத்து வெயிலில் விரித்துக் காயப்போடுவார். வடகம் காயும் பக்கத்தில் நானும் காய்வேன். மற்ற நாட்களில் அது என் கணவர் ஆன்டனியுடையது. திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். பஸ் ஸ்டாண்டிலோ தேர்த் திருவிழாவிலோ நான் தொலைந்துபோனால் அவர் பதற்றப்பட மாட்டார். கூட்டத்தில் பின்னலைத் தேடுவார். கண்டுபிடித்ததும் நேராக வந்து தோளைத் தட்டுவார். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் எதிரில் வந்து என்னைக் கண்டுபிடித்ததில்லை.

நான் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டியதும் கழுத்து வலிக்க ஆரம்பித்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைக் கொஞ்சம் குறைத்தாலே பாதி வலி போய்விடும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். ஆன்டனி, அம்மாவைக் கேள் என்றார். மாமியார் என்னைப் பார்க்காமல் பின்னலைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

“சாமிக்குன்னா வேற. ஸ்டைலுக்குன்னா என் உசுரு இருக்கற வரைக்கும் கத்திரி படக் கூடாது.”

அவர் கதவைச் சாத்துவதாக நினைத்துக்கொண்டு சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். சாமிக்குன்னா வேற. அதாவது வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் யாரும் குறுக்கே நிற்க முடியாது. கணவர் நிற்க முடியாது, மாமியார் நிற்க முடியாது, பங்குச்சாமியாரே நிற்க முடியாது. ஆனால் நேர்ந்துகொள்ள ஓர் ஆபத்து வேண்டுமே. எங்கள் வீடு அந்த வருஷம் எரிச்சலூட்டும் அளவுக்கு ஆரோக்கியமாக இருந்தது. மாமியாருக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. மகள் மெர்லின் பத்தாம் வகுப்பில் நான் நேர்ந்துகொள்வதற்குள் பாஸ் செய்துவிட்டாள். கடையில் வியாபாரம் நன்றாக நடந்தது. யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று நினைக்க எனக்கு மனசு வராது. ஒருமுறை வந்தது, உடனே ஓர் அருள்நிறை மரியே செபம் சொல்லி அழித்துவிட்டேன். மிச்சமிருந்தது நான்தான். ஆபத்தில் நானே மாட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் உயிரோடு திரும்பிவரக்கூடிய ஆபத்தில்.

அந்த ஆபத்து நெடுஞ்சாலையோரத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்ப்போம். முதலில் நீலநிற இரும்புத் தூண்கள் வந்தன. செல்போன் டவர் என்றார்கள். பிறகு தூண்களின் மேல் தண்டவாளம் போல ஒன்று ஏறி, வளைந்து, தலைகுப்புற விழுந்தது. புதுசாக ரயில் விடுகிறார்கள் என்று ஒரு பெரியவர் பஸ்ஸில் எல்லோருக்கும் விளக்கினார். பார்க் திறந்த பிறகுதான் அது ரோலர் கோஸ்டர் என்று தெரிந்தது. மே மாதம் கோயிலில் தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்துப் பெண்களுக்கு வருஷாந்தரச் சுற்றுலா எங்கே என்று பேச்சு வந்தபோது, பார்க்குக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவள் நான். ஃபாதருக்கே ஆச்சரியம். நான் கூட்டத்தில் வாய் திறப்பவள் இல்லை.

வக்கீல் ஆபீஸில் வேலை செய்து நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. எவ்வளவு உண்மையான விஷயமானாலும் சாட்சி இல்லாமல் நிற்காது. நான் மட்டும் ஏறி, நான் மட்டும் நேர்ந்துகொண்டு வந்து சொன்னால் மாமியார் என் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அவர் நம்பும் வாய் ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. அது அவர் மகள் பாக்கியமேரியின் வாய். என் கணவருக்கு மூத்தவர், எனக்கு அண்ணி. விழுப்புரத்தில் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாசஞ்சரில் வந்து இறங்கி, நான் தும்மினால்கூட அதைத் தன் அம்மாவிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போவார். இத்தனை வருஷம் எனக்குத் தலைவலியாக இருந்த அந்த வாய் எனக்காக வேலை செய்யட்டும் என்று தீர்மானித்தேன்.

அண்ணிக்கு ரயில்வே மேம்பாலத்தில் ஆட்டோ ஏறினாலே கண் மூடிக்கொள்ளும். அவரைக் கெஞ்சினால் வர மாட்டார். பார்க்கில் வரிசைக்குப் பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

“உங்களுக்கு வேணாங்க அண்ணி. நீங்க பையப் புடிச்சிக்கினு இங்கயே உக்காருங்க. வயசானவங்களுக்குன்னு அங்க பெஞ்சு போட்டு வெச்சிருக்காங்க பாருங்க.”

அண்ணி பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைப்பையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

வண்டியில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். எங்களுக்கு நடுவரிசை கிடைத்தது. சீருடைப் பையன் வந்து என் பின்னலைப் பார்த்துத் திகைத்தான். சக்கரத்தில் மாட்டும், சுருட்டிக் கட்டுங்க என்றான். கொண்டையாகச் சுற்றி, இருந்த கிளிப்பையெல்லாம் குத்தினேன். இரும்புக் கம்பி தோளில் இறங்கிப் பூட்டிக்கொண்டது. அண்ணி கழுத்துச் சிலுவையை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

சங்கிலி எங்களை மேலே இழுத்தது. கீழே ஒவ்வொன்றாகச் சின்னதாகிக்கொண்டு வந்தன. பஸ்கள், கொல்லைகள், ஏரி, தூரத்தில் பாறை குவிந்த குன்றுகள். நான் சொல்லவேண்டிய வாசகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வேளாங்கண்ணி மாதாவே, என்னைப் பத்திரமாக இறக்கிவிட்டால் என் முடி முழுவதையும் உன் காலடியில் கொடுக்கிறேன். அண்ணி காதில் விழுகிற மாதிரி, ஆனால் பயத்தில் வந்த மாதிரி சொல்ல வேண்டும். ஒரு வாரமாகத் துணி துவைக்கும்போதெல்லாம் பழகியிருந்தேன்.

உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது போல இருந்தது. அடுத்த கணம் கீழே ஒன்றுமில்லை.

இறக்கத்தில் என்ன நடந்தது என்பதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். வயிறு எழும்பியது, உடம்பு இருக்கையைவிட்டு எழும்பியது, கிளிப்புகள் தெறித்தன, கொண்டை அவிழ்ந்து பின்னல் எனக்குப் பின்னால் காற்றில் நின்றது. கழுத்தில் பாரமே இல்லை. வயசுக்கு வந்த நாளிலிருந்து தூங்கும்போதுகூடத் தலையணையைத் தாண்டிக் கீழே இழுத்துக்கொண்டிருந்த ஒன்று, அந்தச் சில நொடிகளுக்கு எடையற்றுப் போய்விட்டது. என் தலை எவ்வளவு லேசானது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மாதாவை மறந்துவிட்டேன். நேர்ச்சையை மறந்துவிட்டேன். வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சிரிப்பு. எனக்குள் அப்படி ஒன்று இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அப்போது கழுத்து சுளுக்கிக்கொள்வது போல ஓர் இழுப்பு. எடை திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் அண்ணி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் பின்னலைக் கிணற்றுக் கயிறு மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். காற்றைவிடப் பெரிய குரலில் கத்தினார்.

“மாதாவே, என்ன இறக்கி வுட்டுடு. என் தம்பி பொண்டாட்டி முடிய உனக்கே குடுத்துடறேன். முழுசும் குடுத்துடறேன்.”

வண்டி இன்னொரு முறை ஏறி, சுழன்று, இறங்கி நின்றது. கம்பி தூக்கிக்கொண்டது. அண்ணியின் கையிலிருந்து பின்னலைப் பிரித்தெடுக்க அந்தப் பையன்தான் வந்தான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சாகப்போகும் நேரத்திலும் ஒரு மனுஷி அடுத்தவள் தலையிலிருப்பதைத் தூக்கிக் கொடுப்பாளா? அண்ணியின் சொந்த முடி சவுரி வைத்துக் கட்டினால்தான் கொண்டை ஆகும். அதைக் கொடுத்தால் மாதா மதிக்க மாட்டாள் என்று பயத்திலும் கணக்குப் போட்டிருக்கிறார். பிறகு தோன்றியது, அவர் ஏமாற்றவில்லை. குடும்பத்திலிருந்த பெரிய பொருளை, குடும்பத்து மூத்தவராக, மனப்பூர்வமாகக் கொடுத்திருக்கிறார். அதில் எனக்குப் பங்கு உண்டு என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது. அதற்கு அப்புறம்தான் மூன்றாவதாக ஒன்று தோன்றியது. நான் ஒரு வாரம் பழகியும் சொல்ல மறந்ததை இவர் சொல்லிவிட்டார். சாட்சிக்கு அழைத்துப் போன ஆள் வாதியாகிவிட்டார்.

வெளியே வரும் வழியில் ஒரு டிவி பெட்டியில் இறக்கத்தில் எடுத்த படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் படமும் வந்தது. அண்ணி வாயெல்லாம் தொண்டை. நான் பல் முழுக்கத் தெரிய, கண் விரிய, ஊருக்கெல்லாம் கேட்கும்படி சிரித்துக்கொண்டிருந்தேன். படம் முழுக்க என் முகம். நான் நின்று பார்த்தேன். எவன்டா இதை எடுத்தது என்று அண்ணி என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இளநீர்க் கடைக்குப் பின்னால் வாந்தியெடுத்து முகம் கழுவிக்கொண்டதும் என் கையைப் பிடித்தார்.

“லூசியா, மேல நான் எதுனா சொன்னனா?”

“காத்துல ஒன்னும் சரியா கேக்கலீங்க அண்ணி.”

“அதான பாத்தேன்.”

“எனக்குத்தான் கேக்கல. மாதாவுக்குக் கேட்டிருக்கும்.”

அம்மாவுக்குத் தெரிந்தால் தன்னைக் கொன்றே போடுவாள், அந்த முடியைத் தன்னைவிட மேலாக வளர்த்திருக்கிறாள், வெளியே மூச்சுவிடாதே என்று கெஞ்சினார். வாழ்நாளில் முதல்முறையாக அண்ணி என்னிடம் ஒரு ரகசியத்தை ஒப்படைத்தார். நான் தலையாட்டினேன். நான் போய்ச் சொன்னால் ஆசைப்பட்டுச் சொல்கிறேன் என்று ஆகிவிடும். அந்த வாய் தானாகத் திறக்க வேண்டும்.

நான் எதுவும் பேசவில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தேன். அடுத்த ஞாயிறு அண்ணி வந்து, மிக்ஸி ஜார் விரிசல் விட்டுவிட்டது என்று மாமியாரிடம் புலம்பினார். நான் பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு நுனியைத் தடவியபடி அவரைப் பார்த்தேன். அண்ணி பேச்சை நிறுத்திவிட்டார். அதற்கடுத்த வாரம் பாத்ரூமில் வழுக்கி விழப் போய்க் கதவைப் பிடித்துத் தப்பித்திருந்தார். நான், “மாதா காப்பாத்தினாங்க, இந்தத் தடவை” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் அன்று இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை. இது பத்துக் கட்டளையில் எதில் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். எதிலும் நேராகப் பொருந்தவில்லை.

பிறகு அண்ணியின் கணவருக்கு விருத்தாசலத்துக்கு மாற்றல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. அதில் என் கை ஒன்றும் இல்லை, ரயில்வேயில் வருஷத்துக்கு ஒருமுறை கிளம்பும் பேச்சு அது. ஆனால் அண்ணி அந்த ஞாயிறு வரும்போதே முகம் வெளிறி வந்தார். மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். என் பின்னல் சரிந்து அவர் தட்டின் ஓரத்தில் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. அண்ணி தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தார். நீலத் தூண், இறக்கம், கையில் அகப்பட்ட பின்னல், கொடுத்த வாக்கு எல்லாம் வரிசையாக வெளியே வந்தன.

மாமியார் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார்.

“அது உன் தலைமுடியாடி, நீ குடுக்கறதுக்கு?”

“கைல அதான் ஆப்ட்டுச்சும்மா.”

ஆன்டனி ரிப்பேருக்கு வந்த மோட்டாரைப் பார்ப்பது போல் விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூமுடி கொடுத்துவிட்டால் போதாதா என்றார். நுனியில் மூன்று விரற்கடை மட்டும் வெட்டிக் காணிக்கையாகப் போடுவது. பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மாமியார் முகம் தெளிந்தது. எனக்கு வண்டியில் வராத பயம் இப்போது வந்தது. ஆனால் அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே, முழுசும்னு சொல்லிட்டேனே, மாதா கிட்டப் போய் எப்படி மாத்திச் சொல்லுவேன் என்று மறுபடி அழுதார். அவர் ஆயிரம் பேரைப் பற்றி ஆயிரம் சொல்வார், மாதாவிடம் மட்டும் பொய் சொல்ல மாட்டார். சாட்சியை நான் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

சாயங்காலப் பூசை முடிந்ததும் எல்லோரும் ஃபாதரைப் பார்க்கப் போனோம். அவர் காபியை வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். ரோலர் கோஸ்டர் வரும் இடத்தில் மட்டும் உதட்டை மடித்துக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு மிகச் சுலபமாகச் சொன்னார்.

“பாக்கியமேரி, உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை நீங்கள் நேர முடியாது. அந்த நேர்ச்சை செல்லாது. நிம்மதியாகப் போங்கள்.”

ஆன்டனி மூச்சு விட்டார். மாமியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அண்ணியின் முகம் மிட்டாய் கிடைத்த குழந்தை மாதிரி ஆனது. எனக்கு மட்டும் மறுபடி கழுத்து வலித்தது. இனி எனக்கு எந்த ஆபத்து வரும்? பார்க்கின் பக்கம்கூட விட மாட்டார்கள். ஃபாதர் காபியை எடுத்தார், ஏதோ நினைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“முடி உங்களுடையது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

நான் ஒரு சோக முகம் தயாராக வைத்திருந்தேன். மாதாவுக்காகத் தியாகம் செய்யும் மருமகள் முகம். கண்ணீருக்குக்கூட ஏற்பாடு இருந்தது. கேள்வி என்னிடம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதானே ஃபாதர் என்று சொல்லியிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். அந்த வாக்கியம் நாக்குவரை வந்தது. ஆனால் யாரும் கேட்காதவரை திருட்டுத்தனமாகச் சுற்றி வந்த விஷயம், ஒருவர் நேராகக் கேட்டதும் நேராகத்தான் வெளியே வந்தது.

“எனக்கு எடுத்துடணும் ஃபாதர். முழுசா.”

“மாதாவுக்காகவா?”

“மாதாவுக்கும்.”

மாமியார் என்னைப் பார்த்தார். பின்னலை இல்லை, என்னை.

“எத்தினி நாளா இந்த நெனப்பு?”

“ரொம்ப நாளாங்க அத்தை. கழுத்து வலின்னு சொன்னப்பவே கேட்டேன்.”

அண்ணி மெதுவாக நிமிர்ந்தார். மிக்ஸி ஜார், பாத்ரூம், விருத்தாசலம் என்று அவர் மனசு பின்னோக்கி ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அந்தப் பெஞ்சுக்கு வந்து நின்றது.

“அப்ப அந்த ரயில்ல என்ன எதுக்குடி ஏத்துன?”

“சாட்சிக்குங்க அண்ணி.”

ஃபாதருக்குக் காபி புரையேறிவிட்டது. ஆன்டனி அவர் முதுகைத் தட்டப் போனார். யாரும் யாரையும் பார்க்காத அந்த இடைவெளியில் மாமியார் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்துகொண்டார். அவர் கத்துவார் என்று நினைத்தேன்.

“ரெண்டு பேரும் சேந்து மாதாவ வெச்சி வெளயாடிக்கினு இருந்திருக்கீங்க,” என்றார். “இவ முழுசும் குடுக்கட்டும். அடுத்தவ முடிய நேந்தவளும் போயி பூமுடி குடுத்துட்டு வரட்டும்.”

“எனக்கு இருக்கறதே பூமுடிதானேம்மா,” என்றார் அண்ணி.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமையும் மாமியார் எண்ணெய் காய்ச்சினார். நாளைக்கு எடுக்கப்போகும் முடிக்கு எதற்கு என்று கேட்கவில்லை. மொட்டைமாடியில் வழக்கத்தைவிட நேரமெடுத்து வாரினார். சிக்கு எடுக்கும்போது வலிக்குதா என்று கேட்டார். இதுவரை கேட்டதில்லை. இல்லைங்க அத்தை என்றேன். அந்த முடி அவருக்கு என்னவாக இருந்தது என்று நானும் அதுவரை அவரைக் கேட்டதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கேட்டால் அழுதுவிடுவாரோ என்று விட்டுவிட்டேன். ஒருவேளை நான் அழுதிருப்பேன்.

வேளாங்கண்ணியில் மொட்டை அடிக்கும் இடத்தில் ஏகக் கூட்டம். முடி எடுப்பவர் என் பின்னலைப் பார்த்து, நெசமாவாம்மா என்று இரண்டு முறை கேட்டார். தலையில் தண்ணீர் தெளித்தார். கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போகப் போகக் கழுத்து மெல்ல உயர்ந்தது. பக்கத்துப் பலகையில் அண்ணி சவுரியை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று விரற்கடையை எப்படி அளப்பது என்று தனக்கு முடி எடுக்க வந்தவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். நடுவில் என் பக்கம் திரும்பி, “கொட்டாங்குச்சி மாதிரி இருக்குடி,” என்றார். அதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குளித்துவிட்டு வெளியே வந்தேன். கடல் காற்று நேராகத் தலையில் பட்டது. அந்த இறக்கத்தில் அடித்த அதே காற்று, ஆனால் இப்போது யாரும் பிடித்து இழுக்கவில்லை.

ஆன்டனி மெழுகுவர்த்திக் கடை ஓரத்தில் எங்களுக்காக நின்றிருந்தார். என்னை நேராகப் பார்த்தார். பார்வை என்னைத் தாண்டிப் போனது. கூட்டத்தில் பெண்களின் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு நீளப் பின்னலைக் கண்டு வேகமாகப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் பின்னலே இல்லை என்பது உறைத்திருக்க வேண்டும். நடுவழியில் நின்று, எதிரில் வந்தவர்களின் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத வேலை, தடுமாறினார். என் முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறார் போல.

நான் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, உரித்துத் தின்றுகொண்டே நடந்தேன். கூப்பிடலாம்தான். இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று தோன்றியது.